பக்கத்து வீட்டுப் புகைபோக்கி

நான் நல்ல பக்கத்து வீட்டுக்காரன் சார். உட்ரெக்டுல எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. நாலஞ்சு வீட்டுச் சாவி என் சமையலறை ஆணியில தொங்குது. ஊருக்குப் போறவங்க செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி என்கிட்டதான் கொடுத்துட்டுப் போவாங்க. இந்த ஹார்மைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு ஊரே சொல்லும்.

தெருவே ஒரே வரிசை வீடு. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரு செங்கல் சுவர்தான். அங்க பௌக்யே அம்மா இருந்தாங்க. புருஷன் போனதுலேர்ந்து அவங்களுக்கு எல்லாமே நான்தான். பட்டாணி சூப் கொண்டுபோய்க் கொடுப்பேன், குப்பைத்தொட்டியைத் தெருமுனைக்குத் தள்ளிட்டுப் போவேன். என் தொழிலே கூரை வேலைங்கறதால அவங்க வீட்டு ஓடுகளையும் பார்த்துப்பேன். "ஹார்ம், எனக்கப்புறம் இந்த வீடு உன் பொண்ணு ரென்ஸ்கேவுக்குத்தான்"னு அவங்க வாயாலயே சொன்னாங்க. நடுச்சுவர்ல கதவு எங்க வைக்கலாம்னு நான் அப்பவே பென்சில்ல கோடு போட்டு வச்சேன்.

அம்மா செத்ததும் வீடு அவங்க தம்பி மகன் கைக்குப் போச்சு. அடக்கத்துக்கு வந்தவன் அந்தச் சூட்டோடயே தரகரையும் கூட்டிட்டு வந்துட்டான். "அத்தை ஆயிரம் சொல்லுவாங்க, அதுக்கு நான் என்ன பண்றது?"ன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டான். அப்புறம் இங்க நடக்கற அதே கூத்துதான். வாங்க நினைக்கிறவங்க ஆளுக்கொரு விலையை எழுதி மூடிக் கொடுக்கணும். ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. என் சேமிப்பு பூரா எடுத்துக்கோ, துணிஞ்சு எழுதும்மான்னு ரென்ஸ்கேகிட்ட சொன்னேன். எழுதிட்டேன்ப்பான்னா.

வீடு யாஸ்பர், ஃபென்னான்னு ஒரு சின்னஞ்சிறுசு ஜோடிக்குப் போச்சு. விலையை ஏத்தினதோட விட்டாங்களா? கட்டடத்தைச் சோதிச்சுப் பார்க்க மாட்டோம், இருக்கறபடியே எடுத்துக்கறோம்னு வேற எழுதிக் கொடுத்திருக்காங்க. அப்படி எழுதினாத்தான் இப்பல்லாம் வீடு கிடைக்குதாம். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. என் பொண்ணு வடக்க குரோனிங்கன்ல போய்க் குடியேறிட்டா.

வந்த அன்னிக்கே ஆப்பிள் கேக்கும் சாவியுமா வந்து நின்னாங்க. "நீங்க பக்கத்துல இருக்கற தைரியம்தான் ஹார்ம்"னா அந்தப் பொண்ணு. கொஞ்ச நாள் கழிச்சு யாஸ்பர் சிரிச்சுக்கிட்டே, "நீங்க தும்மினா எங்களுக்குக் கேக்குது, நாங்க இங்கேர்ந்தே நூறாயுசுன்னு சொல்லிக்கறோம்"னான். என் பொண்ணு சொல்ல வேண்டியதை இவன் சொல்றான். நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள பல்லை நறநறன்னு கடிச்சேன்.

அந்த வீட்டுல பழைய எரிவாயு ஹீட்டர். மாத்தறதுக்குக் கையில காசில்ல, அடுத்த குளிருக்குப் பார்த்துக்கலாம்னாங்க. அதோட புகைபோக்கியில வருஷா வருஷம் சின்ன ஜாதிக் காக்கைங்க கூடு கட்டக் குச்சியைக் கொண்டாந்து அடைக்கும். அதுக்குத்தான் பௌக்யே அம்மாவுக்காக நான் மேல ஒரு கம்பி வலை மாட்டியிருந்தேன். சோதிச்சுப் பார்த்திருந்தா எவனாவது சொல்லியிருப்பான். அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே. அந்த வலை என் காசு, என் கை வேலை. என் பொருளை நான் கழட்டி எடுத்துக்கிட்டேன். அதுல என்ன தப்பு?

காக்கைங்க வந்துச்சு. வாயில குச்சியோட அதுங்க போறதையும் வர்றதையும் தோட்டத்துல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே பார்த்தேன். இந்த வருஷம் மே மாசத்துலயும் குளிர் விடல, ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

ஒருநாள் ஃபென்னா வேலி பக்கமா வந்தா. முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது ஹார்ம். அவனுக்கும் அப்படித்தான். காய்ச்சல் ஏதாவது சுத்துதா?"

"ஆமாம்மா, ஊரெல்லாம் இருக்கு. ஜன்னலை நல்லாச் சாத்திட்டு, வீட்டைச் சூடா வச்சுக்கிட்டுப் படுங்க"ன்னேன்.

"நீங்க இல்லேன்னா எங்களுக்கு யார் சொல்லுவா"ன்னா.

மறுநாள்லேர்ந்து அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நான் தும்மினேன், பதில் வரல. உங்களுக்கு ஃபோன் பண்ணினதே நான்தான் சார். நல்ல பக்கத்து வீட்டுக்காரன் செய்யறதைத்தான் செஞ்சேன்.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அந்த விஷப்புகைக்குக் கத்தற பெட்டி மாடியில இருந்தும் ஏன் கத்தலன்னு நீங்க திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. ஈஸ்டருக்கு அவங்க ஊருக்குப் போனப்ப செடிக்குத் தண்ணி ஊத்தினது நான். அந்தப் பெட்டியோட பேட்டரி என் சமையலறைக் கடிகாரத்துல ஓடிக்கிட்டிருக்கு. போய்ப் பாருங்க.

எல்லாம் என் பொண்ணுக்காக. நேத்து ரென்ஸ்கே இந்த லாக்கப்புக்கு என்னைப் பார்க்க வந்தா. உக்காரக்கூட இல்ல. "நான் விலையே எழுதலப்பா"ன்னா. "எழுதிட்டேன்னு சொன்னது உன் வாயை அடைக்க. உன் சுவருக்கு அந்தப் பக்கம் என்னால ஒருநாள் மூச்சு விட முடியுமா? உனக்குப் பயந்துதானே அவ்வளவு தூரம் ஓடினேன். அந்த ரெண்டு பேரும் உன்னை என்னடா பண்ணினாங்க?" பெத்த அப்பனை 'டா'ன்னா சார்.

அழுகையில ஏதோ உளர்றா. மனசு ஆறினா வந்துடுவா. வீடும் மறுபடி காலியாத்தானே கெடக்கு. கையெழுத்துக்குப் பேனா கொடுத்தீங்களே, அப்படியே ஒரு வெள்ளைத் தாளும் கொடுங்க. இந்தத் தடவை விலையை நானே எழுதறேன்.