இரண்டு பெயருக்கு ஆஜர் சொன்னது பற்றி

1971-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 6-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 11 மணி அளவில், மாஜிஸ்திரேட் அறையில், போலீஸார் எவரும் உடன் இல்லாதபோது சாட்சி தன் வாயால் சொல்லக் குறித்துக்கொண்டது.

பெயர்: சவரிநாதன். தகப்பனார் பெயர்: மிக்கேல். வயது: 44. மதம்: ரோமன் கத்தோலிக்கம். தொழில்: துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குதல். விலாசம்: பனைமரத்தொட்டி, இராயபுரம், சென்னை-13.

சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று அய்யா அவர்கள் இரண்டு தடவை சொன்னார்கள். முதல் தடவையே புரிந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, ஆசை காட்டவும் இல்லை. குடித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். குடிக்கவில்லை. சொல்கிறேன்.

நான் பதினெட்டு வருடமாக அத்தாவுல்லா மேஸ்திரியின் கேங்கில் வேலை செய்து வருகிறேன். எங்கள் கேங்கில் பதினான்கு பேர். காலையில் துறைமுக கேட்டுக்கு வெளியே மேஸ்திரி நோட்டைப் பிரித்து வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவுடன் ஆஜர் என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் உள்ளே விடுவார்கள். நோட்டில் என் பெயருக்கு அடுத்த பெயர் ஸ்டானிஸ்லாஸ். பதினொரு வருடம் என் பக்கத்தில் நின்றவன். இறந்துபோனவன் அவன்தான்.

இந்த வழக்கில் பேசப்படும் லோகநாதன் என்பவர் எங்கள் சங்கத்துக்குப் பதினான்கு வருடம் தலைவராக இருந்தவர், ஒரு தடவை கவுன்சிலராகவும் இருந்தார். சென்ற ஜூலை மாதம் நடந்த சங்கத் தேர்தலில் தோற்றுவிட்டார். அவரோடு எனக்கு முன்விரோதம் கிடையாது. 1963-இல் சர்க்கரை மூட்டைகள் கட்டிய வலை அறுந்து என் இடது கால் மேல் விழுந்தது. மற்றவர்கள் லாரி தேடிப் போனார்கள். லோகநாதன் அண்ணன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினார். ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது எடுக்கக்கூடாது என்று டாக்டரோடு சண்டை போட்டவரும் அவர்தான். ஆகையால் இந்தக் காலில் பாதி அவருடையது என்றுதான் நான் சொல்லுவேன். இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்காகப் பரிந்து பேசவில்லை, நடந்தது நடந்ததுதானே.

8-8-1971 ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, புதிய செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்டானிஸ்லாஸ் என்னைக் கூப்பிட்டு, சங்கக் கட்டடத்தின் சாவியை லோகநாதன் இன்னும் ஒப்படைக்கவில்லை, வாங்கி வரலாம், துணைக்கு வா என்றான். அதன் பிறகு இருவரும் நடந்தே போனோம். வழியில் அவன் பட்டாணி வாங்கி எனக்கும் கொடுத்தான். சங்கத்து வாசலில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான், நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே லோகநாதன் அண்ணன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் அவருடைய ஆள் ஜார்ஜ் என்பவன் நின்றிருந்தான். வேறு யாரும் இல்லை.

ஸ்டானிஸ்லாஸ், "அண்ணே, எலெக்சன் முட்ஞ்சி ரெண்டு வாரம் ஆவுது. சாவிய குட்த்துட்டீங்கன்னா நாங்க பாட்டுக்கு வேலையப் பாப்போம்" என்றான். குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு லோகநாதன் அண்ணன் ஜார்ஜைப் பார்த்து, "இவன் சோத்துக் கைய ஒட்ச்சி அனுப்பு. நாளைக்கி கொக்கி புடிக்கக் கூடாது" என்று சொன்னார். மூட்டையை இழுக்கும் இரும்புக் கொக்கியைத்தான் சொன்னார், அதை வலது கையால்தான் பிடிப்போம். நான் இருந்த இடத்துக்கும் அவருக்கும் எட்டு அடி இருக்கும். தெளிவாகக் கேட்டது.

அதன் பிறகு ஜார்ஜ் கொடிக்கம்பத்துக்காக வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்தான். ஸ்டானிஸ்லாஸ் வலது கையை வயிற்றோடு சேர்த்து மறைத்துக்கொண்டு குனிந்தான். குனிந்ததால் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. நீட்டிக்கொண்டு நின்றிருந்தால் கையோடு போயிருக்குமோ என்று இந்த நான்கு வாரமாக யோசித்து யோசித்து மண்டை குழம்பிக் கிடக்கிறேன். கையை ஒடிக்கச் சொன்னவர் கொலைகாரரா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் விழுந்தவுடன் லோகநாதன் அண்ணன் எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார், தோளில் இருந்த துண்டை என் பக்கம் வீசி, "கட்டு போட்டு இட்டுகினு போ" என்றார். அந்தத் துண்டால்தான் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

(இந்த இடத்தில் சாட்சி தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது.)

9-ஆம் தேதி போலீஸார் விசாரித்தபோது நான் டீக்கடையில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். அது பொய். பயந்து சொன்னாயா என்றால் பயம் பாதி, அவர் காப்பாற்றிய காலை நினைத்தது பாதி. 11-ஆம் தேதி ஸ்டானிஸ்லாஸ் நினைவு திரும்பாமலே இறந்துபோனான். ஜார்ஜ் தானாகப் போய்ச் சரணடைந்து, சொந்தக் கோபத்தில் அடித்தேன் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சங்கத்து வாசலில் ஸ்டானிஸ்லாஸ் கழற்றிவிட்ட செருப்பை நான்தான் எடுத்து வந்திருந்தேன், அது என் வீட்டில் இருந்தது. அவன் மனைவி இருதயம்மாளிடம் கொடுக்க மறந்துபோனேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, அந்த வீட்டு வாசலை மிதிக்கத் தைரியம் இல்லை.

எங்கள் கேங்கில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் இறந்துபோனால் உடனே பெயரை அடிக்கமாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு முப்பதாம் நாள் பூசை வரைக்கும், துலுக்க வீட்டு ஆட்களுக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதுகிற வரைக்கும், இந்துக்களுக்குப் பதினாறாம் நாள் வரைக்கும் மேஸ்திரி பெயரைக் கூப்பிடுவார். பக்கத்தில் நின்ற ஆள் ஆஜர் கொடுக்க வேண்டும். இதனால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை, ஒரு மரியாதை. ஆகையால் 12-ஆம் தேதியில் இருந்து தினமும் காலையில் நான் இரண்டு தடவை ஆஜர் சொல்லி வருகிறேன்.

29-8-1971 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்மண்டபம் பக்கம் லோகநாதன் அண்ணனுடைய ஆட்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். மேஸ்திரி வரச்சொன்னார், மூன்று கேங்கும் போனோம். போலீஸார் லோகநாதன் அண்ணனையும் வழக்கில் சேர்க்கப் பார்க்கிறார்கள், அவர் மேல் கை வைத்தால் தொழிலாளர்கள் மணிக்கூண்டு முன்னால் தீக்குளிப்பார்கள், சம்மதம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஒருவர் மேடையில் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். அதன் பிறகு அவர் மேஸ்திரிகளைக் கூப்பிட்டு, நோட்டு இருந்தால் அதைப் பார்த்தே கூப்பிடுங்கள் என்றார். அத்தாவுல்லா மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தார். காலையில் கூப்பிடுகிற அதே குரல், அதே வரிசை. சவரிநாதன் என்றார். ஆஜர் என்றேன். ஸ்டானிஸ்லாஸ் என்றார். அதற்கும் ஆஜர் என்றேன்.

மேடையில் சொன்னது காதில் விழவில்லையா என்று அய்யா கேட்கிறார்கள். நன்றாக விழுந்தது. எதற்குப் பெயர் கூப்பிடுகிறார்கள் என்றும் தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னாய் என்று கேட்கிறார்கள். பதினெட்டு வருடத்தில் மேஸ்திரி பெயர் கூப்பிட்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றது கிடையாது. பக்கத்தில் நின்றவர்களும் இதைக் கவனிக்கவில்லை. மேஸ்திரி இரண்டு பெயருக்கும் நேராகக் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மூன்று கேங்கும் சேர்த்து நாற்பத்தொன்று என்று எண்ணி, பட்டியலை எழுதி மறுநாள் போலீஸ் கமிஷனருக்கு அனுப்பிவிட்டார்கள்.

2-ஆம் தேதி வியாழக்கிழமை, பட்டியலில் உள்ளவர்களை எச்சரித்துவிட்டு வரும்படி அனுப்பப்பட்ட ஒரு ஏட்டு, ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்குப் போய், உன் புருஷன் எங்கே, தீக்குளிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறாராமே, கூப்பிடு என்று இருதயம்மாளிடம் கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை, அவர் வேறு ஸ்டேஷன் ஆள். இருதயம்மாள் அவரை உள்ளே கூட்டிப்போய் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்த படத்தைக் காட்டியிருக்கிறாள். அதன் பிறகு அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் என் மனைவி சிலுவையம்மாள் இருந்தாள். பட்டியல் விஷயம் தெரிந்த நாளில் இருந்து என் மனைவி வத்திப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கடைக்குப் போகிறாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

இருதயம்மாள் உட்காரவில்லை. "எம் புருசன் பேர யாருண்ணே குட்த்தது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள், "அவர சாவடிச்சவனுக்காக அவரே கொளுத்திக்கணுமா? செத்தவர மறுபடியும் சாவடிப்பீங்களா?" என்றாள். என் மனைவி அவள் கையைப் பிடித்தாள், அவள் விடுவித்துக்கொண்டாள். அதன் பிறகு, "நீ கூடத்தான் போன. இன்னா கேட்டியோ அத்த மட்டும் சொல்லு. கூட்டிக் கூட சொல்ல வாணாம்" என்று சொல்லிவிட்டு, கதவு மூலையில் இருந்த செருப்பைப் பார்த்து, எடுத்துத் தூசியைத் தட்டி முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு நானாக விசாரணை அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், நீ சொல்கிறதை வைத்துத்தான் லோகநாதனை வழக்கில் சேர்க்க முடியும், சேர்த்தால் நாற்பது உயிர், சேர்க்காவிட்டால் நாளைக்கு எவனும் ஆயுதத்தைத் தூக்குவான், நன்றாக யோசித்துக்கொள் என்றார். சட்டம் படித்தவர் என்னை யோசிக்கச் சொன்னார். நான் நான்காவது வரைக்கும் படித்தவன். இருந்தாலும் அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் என்னைப் போலத்தான் குழப்பம்.

நேற்று 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு தண்டையார்பேட்டையில் லோகநாதன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லக்கூடாது என்று தோன்றியதால் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, "காலு எப்டி கீது?" என்று கேட்டார். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். "அண்ணே, அன்னிக்கி நான் கேட்டத நாளைக்கி கோர்ட்டுல சொல்லப் போறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நாப்பத்தோரு பேரு கொளுத்திக்கினா உன்னால தாங்க முடியுமா நைனா?" என்றார்.

அதன் பிறகு நான், "நீங்க வாணாம்னு ஒரு வார்த்த சொன்னா ஒருத்தனும் நெருப்பாண்ட போவ மாட்டான். சொல்லுங்கண்ணே" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளலாம். அவர், "அது அவங்க பிரியம். பிரியத்த நான் எப்டி தடுக்கிறது?" என்றார். அதன் பிறகு, பட்டியலில் ஸ்டானிஸ்லாஸ் பெயரும் இருக்கிறது, வாய்ப் பழக்கத்தில் நான்தான் ஆஜர் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ நாப்பது பேருதான்" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் வீட்டில் இருந்து இராயபுரம் வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் இவர்தான் என்பது நடக்க நடக்க ஞாபகம் வந்துகொண்டே இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார், ஸ்டானிஸ்லாஸ் உயிர் போனது. நேற்று ஒரு வார்த்தை கேட்டேன், சொல்ல மனம் வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இங்கே வந்தேன். அவர் மேல் வழக்குப் போடலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால் தெரியாது. சொன்னாரா என்று கேட்டால், சொன்னார்.

கோர்ட்டில் அவர் முன்னால் நிற்கவைத்துக் கேட்டாலும் இதையே சொல்வாயா என்று அய்யா கேட்டார்கள். சொல்வேன். அவரைப் பார்த்தவுடன் கை தானாகக் கும்பிடும், அதை வைத்துச் சாட்சி பல்டி அடித்துவிட்டான் என்று நினைத்துவிடக் கூடாது.

அவர் கைதானால் நீ தீக்குளிப்பாயா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை என் மனைவியும் கேட்டாள். மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. எனக்குச் சாக இஷ்டமில்லை. மற்றவர்களுக்கும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கைதாகிற அன்றைக்கு மூன்று மேஸ்திரிகளும் மணிக்கூண்டில் நின்று நோட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டால், ஒருவன் போனால் அடுத்தவன் போவான். யாரும் நின்று யோசிக்கமாட்டோம்.

ஆகையால் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லோகநாதன் அண்ணனைக் கைது செய்கிற நாளில், அவரைப் பிடிப்பதற்கு முன்னால் என்னைப் பிடித்து லாக்கப்பில் போட வேண்டும். முடிந்தால் மூன்று மேஸ்திரிகளையும் சேர்த்துப் போட வேண்டும். அப்படிச் செய்வதற்கு நான் என்ன குற்றம் செய்தேன் என்று அய்யா கேட்டார்கள். குற்றம் செய்யவில்லை, கூப்பிட்டால் போய்விடுவேன் என்றேன். குற்றம் செய்யாதவனை அவன் கேட்டான் என்பதற்காக அடைத்துவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் லோகநாதன் என்று மட்டும் எழுதியிருந்ததை லோகநாதன் அண்ணன் என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது, ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

(ஒப்பம்) மி. சவரிநாதன்

குறிப்பு: ஒப்பமிட்ட பிறகு சாட்சி எழுந்து போகவில்லை. அவர் கேட்டுக்கொண்டது பற்றி இன்றைக்கே பதில் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லப்பட்டது. அப்படியானால் பதில் தெரிகிற வரைக்கும் இங்கேயே வராந்தாவில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி, கோர்ட் மூடும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.