துளி சிவப்பும் இல்லை

கைக்குழந்தைக்குத் துணி மாற்றிய எவருக்கும் என் வேலை புரியும், ஐயா. நீங்கள் மாற்றியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. பெரும்பாலான ஆண்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் சிஸ்டராக இருக்கும் வார்டில் கிடப்பவர்கள் பெரியவர்கள். சிறுநீரோ மலமோ அவர்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நனைந்தபடியே விட்டால் தோல் சிவக்கும், உரியும், பிறகு புண்ணாகும். ஆகவே நனைந்தவுடன் மாற்ற வேண்டும். கண்ட சோப்பையும் போடாமல் மெதுவாகக் கழுவ வேண்டும். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்க்கக் கூடாது. தொடையிடுக்கை உலரவிட்டு, மேலே காப்புக் களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும். இதில் என்னை அடித்துக்கொள்ள அந்த ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

மாதாமாதம் தோல் பராமரிப்புக் குழு வரும். போர்வையை விலக்கி, இடுப்பிலிருந்து தொடைவரை பார்ப்பார்கள். மற்ற பாகங்களுக்கு வேறு குழுக்கள். சிவப்பே இல்லாத வார்டுக்குச் சுழற்கேடயம். பெயர்தான் அப்படி, என் வார்டுக்கு வந்தபிறகு அது எங்கும் சுழலவில்லை. எதிர் வார்டு சிஸ்டர் அதைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்து, கழுத்துவலிக்கு மாத்திரை சாப்பிட்டாள்.

அப்போதுதான் கண்டக்டர் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இடுப்பு எலும்பு முறிந்தவர். கட்டிலைத் தள்ளினால் “ரைட், போலாம்” என்பார், வார்டே சிரிக்கும். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அடுத்த ஆய்வு நடக்கிற அன்றே வீட்டுக்குப் போக வேண்டியவர். “அப்பாவைப் புண்ணில்லாம அனுப்பிருங்க சிஸ்டர், அது போதும்” என்றாள் மகள். அது போதும் என்று சொன்னது அவள்தான், ஐயா.

மனிதர் மடமடவென்று தண்ணீர் குடிப்பார். நான் மாற்றிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி நனைத்துவிடுவார். ஒரு பக்கத்தில் காசளவு சிவப்பு எட்டிப் பார்த்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பவளைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? முதலில் குழாயை மூடு என்பீர்கள். நான் மூடினேன்.

ஆய்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, வார்டிலிருந்த தண்ணீர் ஜக்குகளையெல்லாம் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வீட்டார் கொண்டுவந்த பாட்டில்களும் அங்கேதான் போயின. சலைன் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்குக் குழாய்த் திருகை இறுக்கி நிறுத்தினேன். பலன் உடனே தெரிந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்து, “மொடமொடன்னு இருக்கே சிஸ்டர், பிரமாதம்” என்றார். காசளவு சிவப்பும் மறைந்தது. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

“ஒரு வாய் தண்ணி குடும்மா” என்று கண்டக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். “குழு வந்துட்டுப் போகட்டும், ஒரு ஜக்கே தரேன்” என்றேன். தருவதாகத்தான் இருந்தேன். உதடெல்லாம் வெடித்திருக்கிறதே என்று மகள் கவலைப்பட்டாள். உதடும் தோல்தானே. காப்புக் களிம்பு தடவிவிட்டேன்.

ஆய்வு நாளன்று காலையில் அவர் யாருக்கோ டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். “இறங்குறவங்க இறங்கலாம்” என்றார். குழு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூச்சு நின்றிருந்தது. போகும்போதுகூட ஒரு சொட்டு விடவில்லை. அவ்வளவு ஒத்துழைப்பு.

அந்த நேரத்தில் சொல்லி எல்லோர் மனதையும் கெடுப்பானேன்? ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன். குழுத்தலைவி போர்வையை விலக்கிப் பார்த்து, “அடேயப்பா, துளி சிவப்பு இல்லையே! ஐயா, அரிப்பு, எரிச்சல் எதாவது இருக்கா?” என்றார்.

“அசந்து தூங்குறாரு மேடம்.”

“உறுத்தல் இருந்தா இப்படித் தூக்கம் வருமா?” என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டார். கண்டக்டர் கட்டிலைச் சுற்றி நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

மதியம் மகள் புதுச் சட்டையோடு வந்தாள். எடுத்த எடுப்பில் துக்கத்தைச் சொல்ல வேண்டாமென்று முதலில் அவளுக்குத் தோலைக் காட்டினேன். அவள் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். போட்ட கூச்சலில் கேடயமே அதிர்ந்தது. இத்தனை செய்தும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மனது விட்டுப்போயிற்று, ஐயா.

இப்போது வார்டில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, விரிப்பெல்லாம் நனைந்து கிடக்கிறதாமே. காப்புக் களிம்பாவது தடவுகிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுக்காமல் அவரைச் சாகடித்தது நான்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் அவர் இடுப்புக்குக் கீழே சிவந்திருந்ததாக எழுதியிருக்கிறார்களாம். செத்த பிறகு ரத்தம் கீழே இறங்கினால் யாருக்கும் அப்படித்தான் சிவக்கும். அந்தப் பழியை மட்டும் என் தலையில் போடாதீர்கள்.