நான்கு வீட்டுக்கு ஒரே கம்பி

எனக்கு உட்காரத் தெரியாது, ஷெரிப். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாற்காலி போட்டிருக்கிறீர்கள், நன்றி. நான் இந்த ஜன்னலோரம் நடந்துகொண்டே சொல்கிறேன், உங்கள் ஆள் எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் சாலையில் நான்கு வீட்டுக்கும் ஒரே டெலிபோன் கம்பி. எனக்கு மணி நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. என் தம்பி ஆர்விட் வீட்டுக்குக் குட்டையாக மூன்று. யாருக்கு மணி அடித்தாலும் மற்றவர்கள் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம். கேட்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் கேட்பார்கள். ஒரு வீட்டில் ரிசீவரை எடுத்தபடி விட்டால் மற்ற மூன்று வீட்டாரும் வெளியே யாரையும் கூப்பிட முடியாது. அதனால்தான், டாக்டர் வேண்டும் என்று ஒருவர் சொன்ன மறுகணம் மற்றவர்கள் வைத்துவிட வேண்டும். அயோவாவில் குழந்தைக்கும் தெரிந்த மரியாதை அது.

ஆர்விட்டுக்கு நாலு வயதில் அம்மா போனாள். எனக்குப் பதினேழு. என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரையும் வேண்டாம் என்று அனுப்பினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, அதனால் அதை நான் சொல்லிக்காட்டுவதும் இல்லை. போர் முடிந்து அவன் ஒமாஹா ராணுவ ஆஸ்பத்திரியில் அடிபட்ட காலைச் சரிசெய்துகொண்டு திரும்பினான், கூடவே கோரினையும் அழைத்துக்கொண்டு. "அக்கா, இவதான்" என்றான். நல்ல பெண். நகத்துக்குச் சாயம் பூசுவாள். டின்னைத் திறந்து சூடுபண்ணிய சூப்பைப் புருஷனுக்கு வைப்பாள். நான் வாய் திறந்ததே இல்லை. புதன்கிழமைதோறும் பொரித்த கோழி கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். அவன் சட்டைகளை வாங்கிவந்து இஸ்திரி போட்டேன். அவளுக்குக் காலர் வராது.

அவள் தன் தங்கையோடு டெலிபோனில் பேசினால் கேட்பேன். தம்பி நன்றாக இருக்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஆல்மா, அந்தச் சுவர்க் கடிகாரத்தை வேற ரூம்ல மாட்டுங்களேன். நாங்க பேசுறதவிட அதோட டிக் டிக்தான் பலமாக் கேக்குது." தங்கைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆர்விட்டும் அதையே சொல்லிச் சிரித்தான், என் மேசையில், என் கையால் சாப்பிட்டுக்கொண்டு. அது எனக்கு வலித்தது. அதன்பிறகு ரிசீவரை எடுக்குமுன் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்திவிடுவேன். கேட்டு முடித்ததும் ஆட்டிவிடுவேன்.

பிப்ரவரிக் கடைசியில் அவள் தங்கையிடம் சொன்னாள்: "கொழந்தை பொறந்ததும் கலிபோர்னியா போறோம்டீ. விமான ஃபாக்டரில அவருக்கு வேலை. அக்காகிட்ட சொல்லத்தான் மனுஷனுக்கு நடுக்கம். பெட்டி கட்டினப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கார்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த திரைச்சீலைகளையே மறுபடி துவைத்தேன். வயலுக்கு அந்தப்பக்கம் அவர்கள் வீட்டுப் புகைபோக்கியை ஜன்னலுக்கு ஜன்னல் போய்ப் பார்த்தேன். புகை வந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

மார்ச் பத்தாம் தேதி பண்ணை ஏலத்துக்கு ஊரே போயிருந்தது. ஆர்விட் போனான், எங்கள் கம்பியிலிருந்த மற்ற இரண்டு வீட்டாரும் போனார்கள். வெளியே முழங்கால் வரை பனி. இரண்டே கால் மணி, அவள் தங்கையைக் கூப்பிடும் நேரம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு ரிசீவரை எடுத்தேன்.

"யாரு லைன்ல? தயவுசெஞ்சு வைங்க. டாக்டரைக் கூப்பிடணும். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஆல்மா, நீங்கதானே? வைங்க. கொழந்தைக்காகவாவது வைங்க." பிறகு, "அக்கா" என்றாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

வைத்தேன். கொக்கியில் இல்லை, மேசைமேல், மடித்த துண்டின்மேல். அடுப்பில் ரொட்டி இருந்தது, அதைக் கருகவிட முடியாது. எடுத்து ஆறவைத்தேன். ஆர்விட்டின் சட்டைகள் ஐந்துக்கும் இஸ்திரி போட்டேன். நடுவில் இரண்டு தடவை குனிந்து கேட்டேன், பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் கொக்கியில் மாட்டினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கடிகாரம் ஓடவில்லை.

ஆர்விட் வந்து பார்த்தபோது அவள் டெலிபோனுக்குக் கீழே கிடந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை. கம்பியைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள், ஒரு பழுதும் இல்லை என்றார்கள். ரத்தப்போக்கு இரண்டு மணிவாக்கில் தொடங்கியிருக்கும் என்றார் டாக்டர். பிறகு ஆர்விட் என் வீட்டுக்கே வந்துவிட்டான், அவனுடைய பழைய அறைக்கு. மூன்று வாரம் மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

கடிகாரத்தை ஆட்டிவிட மறந்துபோனேன். என் பிழை என்றால் அதுதான்.

நேற்று மதியம் சாப்பிட்டுக் கை துடைக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். முள் இரண்டே காலில் நின்றிருந்தது. "அக்கா, இது எப்போ நின்னுச்சு?"

"பழசாயிடுச்சுடா. விடு."

எழுந்துபோய் விரலால் பெண்டுலத்தைத் தள்ளினான். ஓடியது. அது ஓடுவதைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தான்.

ஆமாம், ஷெரிப், அவளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காலை ரயிலில் அவன் மேற்கே போய்விட்டான் என்கிறீர்கள். கோபம், வேறென்ன. சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் கோபித்துக்கொண்டு வைக்கோல் கொட்டகையில் போய் ஒளிவான், பசித்தால் வந்துவிடுவான். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என்னை அவசரமாக அழைத்துவந்துவிட்டீர்கள். யாரையாவது அனுப்பி, என் சமையலறையில் ரிசீவர் கொக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவன் கூப்பிடும்போது லைன் கிடைக்காது.