இருபத்தேழாம் எண் செவர்லேயின் வரலாறு

மூன்றாவது கட்டத்தில் தகப்பனார் பெயர் வர வேண்டும் ஐயா, தொழில் இல்லை. பரவாயில்லை, அடித்துவிட்டு மேலே எழுதுங்கள். ரங்கூன் தாமுவேயில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவள் நான். கண் தானாக அங்கேதான் போகிறது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதற்குப் பரிசாக, தெருவில் பிள்ளை பிறந்தாலும், வீடு மாறினாலும், ஆள் செத்தாலும், "மா லதா, ரெண்டு வரி எழுதிக் குடும்மா" என்று வந்து நிற்பார்கள். கூலி ஒரு கிண்ணம் மொஹிங்கா. நான் பி.ஏ. படித்தது மீன் குழம்புக்குத்தான்.

காரைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

அது 1957 செவர்லே. தூதரகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் டிரைவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த டிரைவர் பிரேம்நாத், என் அம்மாவின் அண்ணன். மாமா அதைப் பன்னிரண்டு வருடம் கல்யாணங்களுக்கு ஓட்டினார். ரங்கூன் தமிழ் மாப்பிள்ளைகள் பலர் அதில் ஏறித்தான் வசமாக மாட்டிக்கொண்டார்கள். பிறகு விற்றுவிட்டார். நாலு கை மாறி, உதிரிப்பாகக் கடை சாதிக் பாட்சாவிடம் வந்து சேர்ந்தது.

கை மாறியது கார்தான், பெயர் மாறவில்லை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெயர் மாற்றுவதென்றால் வரி, அலைச்சல். உரிமையாளர் பெயர் பதிந்த ஓனர் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விடுவார்கள். முப்பது வருடம் கழித்தும் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தவர் பிரேம்நாத்.

ஊரில் ஓடும் சாதாரணக் காரையே பந்தயத்துக்கு மாற்றினால் அதற்கு ஸ்டாக் கார் என்று பெயராம். சாதிக் பாய் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். பின் சீட்டைப் பிடுங்கினார், உள்ளே இரும்புக் கம்பி வைத்தார், கதவில் வெள்ளை வட்டம் போட்டு 27 என்று எழுதவைத்தார். ஏன் இருபத்தேழு என்று கேட்டேன்.

"கடை நம்பர், தங்கச்சி."

ஜனவரியில் பழைய கார் கண்காட்சி. அங்கே காருக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும், பலகையில் வரலாறு வேண்டும். அதற்கு நான். எழுதினேன். 1959இல் அமெரிக்காவில் மண் தடத்தில் ஓடியது, இரண்டு கோப்பை வென்றது, ஒரு விபத்தில் தப்பியது, கப்பலேறி ரங்கூன் வந்தது. விபத்து என் சொந்தச் சேர்க்கை. இடது மட்கார்டில் ஒரு நெளிவு இருந்தது, வீணாக்குவானேன். பெயின்ட் காய்வதற்குள் வரலாறும் காய்ந்துவிட்டது. பலகையின் அடியில் 'வரலாறு: புஷ்பலதா, பி.ஏ.' என்று வர வேண்டும். நான் கேட்ட கூலி அது ஒன்றுதான். சிரிக்காதீர்கள். நான் எழுதிய எதிலும் அதுவரை யாரும் என் பெயரைப் போட்டதில்லை.

கண்காட்சிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். காரை வைப்பவர் பெயரும் புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே மாமா அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்கம் கொடுத்த குடும்பப் பட்டியலில்தான் அவர் எங்கள் வீட்டில் இருந்தார். வாழ்ந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேயில், பானைச் சூளைக்காரி கலா வாடகைக்கு விட்ட அறையில். போனேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"ரேஸா? இந்த வண்டியா? நாப்பது மைலுக்கு மேல போனா கதவு தானா தொறந்துக்கும்டி" என்றார் மாமா.

கலா பானையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"காட்சிக்கு வைக்கிறது மாமா. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

"எழுதட்டும். நீ படிச்ச புள்ள. மட்கார்டு நெளிஞ்சது மாட்டு வண்டில முட்டினதுடி. பிரேம்நாத் ஓட்டின கல்யாண வண்டின்னு என் பேரைப் போடு, இப்பவே வந்து கையெழுத்துப் போடறேன். பொய்யுன்னா நான் வர மாட்டேன்."

நேர்மையான மனிதர். எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டவர். அவர் என்னைத் திருத்தினார், ஒரு சூளைக்காரி சிரிக்கச் சிரிக்க. எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு நான் செய்தது அதிகமில்லை. ஒரு படிவம்.

அம்மா போய் இரண்டு வருடம். மாமாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பட்டியலில் மிச்சம் இரண்டு பெயர். ஒன்று போனால் மற்றது வாரிசு. நவம்பர் ஒன்பது, த்வாண்டேயில், வீட்டில், மாரடைப்பு என்று நிரப்பினேன். சாட்சிக்கு சாதிக் பாயின் கடை ஆட்கள் இருவர். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்கள் படிக்கவில்லை. படிக்கத்தான் நான் இருக்கிறேனே.

"அடடா, எப்பம்மா தவறினாரு?" என்றார் சாதிக் பாய்.

"போன வாரம்."

"பாவம். அப்ப இனிமே நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திடலாம்ல?"

துக்கம் என்றால் இப்படி அளவோடு இருக்க வேண்டும்.

நான் யாரையும் தொடவில்லை. ஒரு பெயரின் மேல் கோடு விழுந்தது. த்வாண்டேயில் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்குப் பட்டியல் எதற்கு?

கண்காட்சியன்று அவர் ரங்கூனுக்குக் கிளம்புவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பலகையில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். சட்டைக்கு இஸ்திரி போட்டு, புது லோன்ஜி கட்டி, பஸ் ஏறியிருக்கிறார். பாலத்துச் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் அட்டையை வாங்கிக் கணினியில் பார்த்திருக்கிறார்கள். செத்தவருடைய அட்டை. அதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் பஸ்ஸில் போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ கலகக்காரன் என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காலை பத்து மணி. காருக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கோப்பைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். சாவடியிலிருந்து போன் வந்தது. ஒரு படம் அனுப்பினார்கள். இவர் உங்கள் மாமாவா என்று கேட்டார்கள். போனில் அவர்களுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"லதா, நான்தான்டி. சொல்லும்மா அவங்ககிட்ட."

"என் மாமா நவம்பரில் இறந்துவிட்டார். சான்றிதழ் அனுப்பட்டுமா?" என்றேன். அனுப்பினேன். பிறகு விளக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அவருக்குச் சர்க்கரை, தினம் இரண்டு ஊசி, அதையாவது சொல்லியிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். யாரென்றே தெரியாத ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? யோசித்துத்தான் பேச வேண்டும் ஐயா.

கலா ஊசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தாள். அந்தப் பெயரில் உயிரோடு யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் உள்ளேயே அவர் கதை முடிந்துவிட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு மரணச் சான்றிதழ் கொடுக்க விதியில்லை, பெயரில்லாமல் எரித்தார்கள். ஆக, என் படிவத்தில் தப்பு என்று பார்த்தால் தேதி மட்டும்தான். இரண்டு மாதம் முந்திவிட்டது.

ஆமாம், நான்தான். படிவம் நான் நிரப்பியது. போனில் இறந்துவிட்டார் என்றதும் நான். குரல் யாருடையது என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல்.

ஆனால் அவர் கேட்டதை நான் செய்யவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சாதிக் பாய் கடையில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இரண்டாம் வரி, பெரிய எழுத்தில்: 'முன்னாள் உரிமையாளர், காலஞ்சென்ற பிரேம்நாத்.' பொய் என்றால் வர மாட்டேன் என்றார். இப்போது அந்த வரியில் பொய் இல்லை.