பச்சைக் கோடு

காலையில் பல் துலக்கியதும் எடை பார்ப்பது நல்ல பழக்கம், இன்ஸ்பெக்டர் சார். இன்று ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பழங்காநத்தத்தில் மாடியில் எங்கள் எடைக்குறைப்பு சென்டர். சேர்கிறவர்கள் தினமும் தங்கள் எடையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் அதைக் கோடாக வரையும். அனுப்பினால் பச்சை; மூன்று நாள் அனுப்பாவிட்டால் சிவப்பு. சென்டர் டாக்டர் பெயரில் பதில் போகும். போட்டது நான், ராதாமணி, பி.காம்.

ஏன் அப்படிச் செய்தாய் என்கிறீர்கள். ஆட்கள் பாதியில் ஓடுவதால்தான். முதல் மாதம் மூன்று கிலோ இறங்கும்; சிரிப்பார்கள். இரண்டாம் மாதம் நூறு கிராமுக்கே முக்கும். உடனே சாக்கு வந்துவிடும். “ஊர்ல கிடாவெட்டுக்கா, அடுத்த மாசம் வாரேன்” என்றார் வாடிப்பட்டிக்காரர் ஒருவர். வரவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு கிலோ இறக்கியவள் நான். என் பழைய படமும் புதுப் படமும் அந்தச் சுவரில்தான் தொங்குகின்றன. இவர்களுக்கு வாயைக் கட்ட வலிக்கிறதாம்.

பிலோமினாள் டீச்சர் அப்படியில்லை. மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். நூற்று நாற்பது நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. தவக்காலம் தொடங்கும் முன் நேரில் வந்தார்.

“ராதா, நாப்பது நாளும் ஒருசந்தி இருப்பேன்மா. ஒரு வேளைச் சாப்பாடுதான். சுகர் மாத்திரை வேற போடுறேன். ஈஸ்டர் முடிஞ்சு திரும்ப வாரேனே.”

ஈஸ்டர் முடிந்து, கிடாவெட்டு முடிந்து. எல்லாம் ஒன்றுதான்.

“எதுக்கு டீச்சர் நிறுத்தணும்? ஒருசந்தி இருந்தா இன்னும் வேகமால்ல இறங்கும். டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்.”

கேட்கவில்லை. சாயங்காலம் டாக்டர் பெயரில் நானே அனுப்பினேன்: ‘தொடருங்கள். மாத்திரையையும் விட வேண்டாம்.’

இறங்கியது, சார். அப்படி ஓர் அழகான கோட்டை நான் பார்த்ததேயில்லை. ஒருசந்தியின் பதினெட்டாம் நாள் எழுதினார்: ‘கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. நிறுத்திரவா டாக்டர்?’

என் அப்பாவுக்கும் சுகர். அந்த நடுக்கம் வந்தால் அவர் வாயில் சீனியைப் போடுவது நான்தான். அதனால் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று காலை மட்டும் இரண்டு பேர் சிவப்பாகியிருந்தார்கள். என் ஆத்திரம் எனக்கு. ‘கொழுப்பு கரைகிறது. நல்ல அறிகுறி. விடாதீர்கள்’ என்று அனுப்பினேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பில், கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விழுந்தாராம். எழவில்லை.

அதற்குப் பிறகு அவர் பெயரில் பதிவான பதினோரு எடைகளைக் கேட்கிறீர்கள். நான்தான் போட்டேன். நாளுக்கு நூறு கிராம் குறைத்து. அவர் கோடு சிவப்பாவதை என்னால் பார்க்க முடியாது. எழுதிக்கொள்ளுங்கள் சார், மற்றவர்கள் மாதிரி பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை டீச்சர்.