முட்டைகோஸின் இரண்டு காதுகள்

— நல்லா கேட்டுக்க லாத்தா. ஆறடி ஆம்பளய அரை இஞ்ச் ஆக்குற வித்தை இந்த கும்மிடிப்பூண்டில மட்டும் இல்ல, இந்தியாவுலயே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தன் உன் கூடப் பொறந்திருக்கான். இதை நீ இன்னும் சரியா உணரல.

— அத்னான், நான் இன்னா கேட்டேன், நீ இன்னா சொல்லிக்கினு இருக்கே?

— கத்தி கெடையாது, மந்திரம் கெடையாது. ஒரே ஒரு முட்டைகோஸு. அதுக்கு ரெண்டு பக்கமும் காதாட்டம் ஒவ்வொரு மைக்கு. அதுல ரெக்கார்ட் பண்ணினதை ஹெட்போன்ல கேக்கறவன் தன் மண்டைய மறந்துட்டு கோஸுக்குள்ள குடி வந்துடுவான். நீ இந்தப் பக்கம் பேசினா அவன் இடது காதுல உன் மூச்சு படும். மேலருந்து பேசினியா, முடிஞ்சுது, அவன் தரையில கெடக்கற மொளகு. சயின்ஸ் லாத்தா, சயின்ஸ்.

— சயின்ஸை அடுப்புல வை. கம்பெனி பஸ்ல என் கூட்டாளி ஹுமைரா கேட்டது என் குரலா, இல்லியா?

— உன் குரல் இல்ல. கோஸுல நீ சொன்ன கதைய நான் கம்ப்யூட்டர்ல மெதுவாக்கி, தடியாக்கி, பூதமாக்கித்தான வெளிய உட்டேன்? நம்மளப் பெத்த உம்மாவே கேட்டாலும் கதவைச் சாத்திக்கும்.

— ஹுமைரா சாத்திக்கல. சிரிச்சா. "ஏண்டி ஹஸ்னா, உன்னை மாதிரியே ஒருத்தி பஸ்ல போற ஆம்பளைங்க போன்ல எல்லாம் 'அசையாதே, மிதிச்சிடுவேன்'னு கத்திக்கினு வராளே, யாருடி அது"ன்னு கேக்கறா.

— கவரைப்பேட்டை ஸ்டேஷனாண்ட பாட்டு ஏத்துற கடை இருக்குல்ல, பச்சையப்பன் கடை? அங்கதான் நம்ம கதைய மெமரி கார்டுல ஏத்திக்கறானுங்க. அப்புறம் ப்ளூடூத்ல ஆளுக்கு ஆள் தள்ளி உட்டுக்கறானுங்க. அந்தப் பச்சையப்பன், அணில் குரல்ல ரிங்டோன் பண்றேன்னு வேகத்தை ஏத்தி இருக்கான்.

— ஏத்தினா?

— நான் எவ்ளோ கொறச்சனோ, கரெக்டா அவ்ளோ ஏத்திட்டான். அணிலும் வரல, பூதமும் வரல.

— நான் வந்துட்டேன்.

— ஆமா. ரொம்ப க்ளியரா வந்துட்டே.

— அடப்பாவி! இன்னிக்கு ஷாகிரோட உம்மா வராங்கடா! நிக்காஹ் பொடவைக்கு ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் வாங்க வராங்க! அவங்க புள்ளையும் அதே பஸ்லதான வேலைக்குப் போறாரு!

— போனா போகட்டும். மாப்பிள்ளைக்கு உன் குரலே தெரியாது. போன்ல பேசக்கூட வாப்பா உடல. வாப்பா தன்னை அறியாம நமக்கு ஒரு நல்லது பண்ணியிருக்காரு.

— அவருக்குத் தெரியாது. அவங்க உம்மாவுக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கி என்னை குர்ஆன் ஓதச் சொல்லி, கண்ணை மூடிக்கினு கேட்டாங்க, நீதான பக்கத்துல முறுக்குத் தின்னுக்கினு இருந்தே? "இந்தக் குரலுக்காகவே கட்டிக்கினு போறேன்"னு சொல்லிட்டுப் போனாங்களேடா. அந்தக் குரல்ல இப்ப "மிதிச்சிடுவேன்" வருதே! ஆகற நிக்காஹ் நின்னு போனா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கினு இந்தத் தெருவுல நடப்பேன்?

— பதறாதே. காதுல உழற சத்தத்துக்கெல்லாம் மனுஷன் பயப்படக் கூடாது. கேக்கறவனுங்க பதறட்டும், அவனுங்களுக்கு அதான் வேலை. ரோலிங் மில்லுல இரும்பு தூக்கற ஆளு ஒருத்தன், கை ஒவ்வொண்ணும் தேக்குக் கட்டை. பஸ்ல ஹெட்போனை மாட்டிக்கினு, "அக்கா, மிதிச்சிடாதீங்கக்கா, நான் இங்க இருக்கேன்"னு பதில் சொல்றானாம், எல்லாரும் பாத்துக்கினு இருக்கறப்ப! ரெக்கார்டிங்குக்கு எவனாச்சும் பதில் சொல்வானா? மான ரோஷம் உள்ளவன் செய்யற வேலையா அது? நான் செஞ்சவன். எத்தினி வாட்டி கேட்டிருக்கேன். கண்ணு கூட சிமிட்டினது இல்ல.

— மானத்தைப் பத்தி நீ பேசாதே. உன்னைக் காலேஜ்ல சேத்து உட்டதுக்கு வாப்பா ஒரு ஆடு வாங்கி உட்டிருக்கலாம்.

— ஒத்துக்கினது நீதான லாத்தா? நானா உன்னைக் கட்டிப் போட்டு பேச வச்சேன்?

— இந்த ஊட்ல நான் பேசினா யாராச்சும் திரும்பிப் பாத்திருக்கீங்களாடா? கோஸாவது கேக்குதேன்னு பேசினேன். பேசப் பேச நல்லாவும் இருந்துச்சு. எந்தலையெழுத்து... யாரோ கதவைத் தட்டறாங்க!

— வந்துட்டாங்க. வாயத் தொறக்காதே. தொண்டை கட்டிக்கிச்சு உனக்கு. நான் பேசிக்கறேன்.

— டேய், டேபிள் மேல அந்தக் கோஸை...

— தொண்டை கட்டிக்கிச்சு!

— அஸ்ஸலாமு அலைக்கும். உள்ள வரலாமா? தப்பா நெனைக்காதீங்க, சொன்னதுக்கு முன்னாடியே வந்துட்டேன்.

— வ அலைக்கும் ஸலாம். வாங்க பீவி ஜான் மாமி, உக்காருங்க. உம்மாவும் வாப்பாவும் பழவேற்காட்டுல ஒரு விசேஷத்துக்குப் போயிருக்காங்க. லாத்தாவுக்குப் பாருங்க, தொண்டை கட்டிக்கிச்சு. சுத்தமா சத்தம் வரல.

— அய்யோ பாவம். தப்பா நெனைக்காதே ஹஸ்னா, வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளி. பேச வேணாம், தலைய ஆட்டு போதும். ஏன் தம்பி, அந்தக் கோஸுக்கு இன்னா, ரெண்டு பக்கமும் ஒயரு சொருகி வச்சிருக்கு?

— காலேஜ் ப்ராஜெக்ட் மாமி. காய்கறிக்குள்ள தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாக்கறது.

— "அசையாதே! மிதிச்சிடுவேன்! அசையாதே! மிதிச்சிடுவேன்!"

— அல்லாஹ்வே! அத்னான், போச்சுடா! எல்லாம் போச்சு!

— லாத்தா, தொண்டை! மாமி, அது... உங்க போனு...

— பதறாதீங்க. எங்க ஊட்டுக்காரரு போன் பண்றாரு. அது அப்படித்தான் கொஞ்ச நேரம் கத்தும், தானா நின்னுடும்.

— எடுக்கலியா மாமி?

— அவர் பண்ணினா மட்டும் இது அடிக்கும். ஷாகிர்கிட்ட சொல்லி நான்தான் வச்சுக்கினேன். டீயில சக்கரை கம்மின்னு பண்ணுவாரு, பனியன் எங்கன்னு பண்ணுவாரு. முன்னெல்லாம் மொத மணியிலயே ஓடிப் போய் எடுப்பேன். இப்ப கொஞ்ச நேரம் இதைக் கேட்டுக்கினு நிப்பேன். மணி நின்னப்புறம் நானா பண்ணி, மாவு கையோட இருந்தேன்னு சொல்லிடுவேன். தப்பா நெனைக்காதீங்க.

— மாமி... அந்தக் குரல்...

— தொண்டை சரியாயிடுச்சா ஹஸ்னா?

— அந்தக் குரல் யாரோடதுன்னு உங்களுக்கு...

— மொத நாளே தெரியும் புள்ள. ஓதறப்ப எந்த இடத்துல மூச்சு எடுத்தியோ, இதுலயும் அதே மாதிரித்தான் எடுக்கறே. ஷாகிருக்குத் தெரியாது. என் ஊட்டு ஆம்பளைங்களுக்குக் காது கம்மி.

— மாமி, நிக்காஹை நிறுத்திடாதீங்க மாமி. வெளையாட்டா செஞ்சது. இனிமே மூச்சு கூட உட மாட்டேன்.

— அப்படிச் சொல்லாதே. நீ மூச்சு உடணும்னுதான நான் தனியா, முன்னாடியே வந்தேன்? முழுக் கதையும் கேட்டேன். கேக்கறவனைத் தரையில போட்டு வச்சிருக்கே, சரி. ஏன் புள்ள, அந்த மேல இருக்கற பொம்பளையா நாமளே இருக்கலாமா? அதுக்கு இன்னா செய்யணும்? இந்தக் கோஸுலதான பேசறது? தண்ணி அளக்கற கோஸு இல்லியே இது?

— இல்ல மாமி. அத்னான் பொய் சொல்லிட்டான்.

— அட, பேன் நின்னுடுச்சே.

— கரண்ட் போச்சு மாமி. அதான் எங்களுக்கு வேலை நேரமே. பேன் சத்தம் இருக்காது, பக்கத்துப் பட்டறையும் ஓடாது. ரெக்கார்டர் பேட்டரில ஓடும். டேய், எழுந்திரு. ஹெட்போனை மாட்டிக்கினு சத்தம் சரியா ஏறுதான்னு பாரு. மாமி பேசப் போறாங்க.

— நானா பாக்கணும்? சரி. மாமி, கோஸுக்கு மேல குனிஞ்சு பேசுங்க. அது கோஸு இல்ல, ஆளு. சின்ன ஆளு. உங்க செருப்பு வாரு அளவு.

— ம்ம். தப்பா நெனைக்காதீங்க... நான் கொஞ்சம் பெருசாயிட்டேன்.

— மாமி, பூதம் மன்னிப்பு கேக்காது.

— கேக்காதா?

— கேக்கவே கேக்காது. சயின்ஸ்படியே கேக்காது.

— இரு தம்பி. தண்ணி குடிச்சுக்கறேன்... ஏங்க. ஷாகிர் வாப்பா. அங்க இல்ல, மேல பாருங்க. இன்னும் மேல. நான்தான். காலைல சக்கரை கம்மின்னு டம்ளரைத் தள்ளி உட்டீங்களே, அந்த டம்ளருக்குள்ளதான் இப்ப நீங்க நிக்கறீங்க. சுத்தியும் இருக்கறது சுவரு இல்ல, எவர்சில்வரு. கத்தாதீங்க. எறும்பு நடக்கற சத்தம் அளவுக்குக்கூட எனக்குக் கேக்கல. அந்தப் பக்கம் போவாதீங்க, அங்க என் கட்டை விரல் இருக்கு. கல்யாணம் ஆனதுலருந்து நீங்க பேசிட்டீங்க. இப்ப நான் பேசறேன். டம்ளரைத் தூக்கறேன். ஆடுதா? நல்லா புடிச்சுக்கங்க. குழாயாண்ட கொண்டு போறேன். இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல. உங்களை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கறதா, இல்ல, எச்சி டம்ளரோட டம்ளரா கழுவிடறதான்னு யோசிச்சிக்கினு இருக்கேன்.

— மாமி! எவ்ளோ நல்லா வருது! எனக்கே சிலிர்க்குது பாருங்க. டேய் அத்னான், சத்தம் சரியா ஏறுதா? டேய், உன்னைத்தான். ஏன் ரெண்டு கையாலயும் டேபிளைப் புடிச்சிக்கினு இருக்கே?

— கழுவிடாதீங்க மாமி... நான் இங்க இருக்கேன்.