ஒரு அட்டைக்கு ஒரு ஆள்

இன்னொரு தடவையா? அதான் ஆறு போட்டோ எடுத்துட்டீங்களே சார். கடை போர்டுக்குக் கீழ நின்னாச்சு, கல்லாவுக்குப் பின்னாடி நின்னாச்சு. உங்க போனு கண்ணச் சிமிட்டுன்னுச்சு, சிமிட்டுனேன். இடது பக்கம் திரும்புன்னுச்சு, திரும்புனேன். என்னைக் கட்டிக்கிட்டவகூட இவ்வளவு உத்துப் பாத்ததில்ல.

அப்படி என்ன கேட்டுட்டேன்? வர்றவங்க போன்ல காசு போட ஒரு ஸ்கேன் அட்டை. அதுக்கு அடையாள அட்டை, வாடகைச் சீட்டு, கரண்டு பில்லு, மூணு கையெழுத்து. மூணும் ஒண்ணு போல இல்லியாம். இருபது வருஷமா அரம் புடிச்ச கை சார், அதுக்கு என்னிக்கு ஒரே மாதிரி எழுத வந்துச்சு? இந்தத் தெருவுல பாதி வீட்டுச் சாவி நான் ராவிக் குடுத்தது. அவங்க என்னை நம்புறாங்க. உங்க கம்பெனிக்கு மட்டும் நான் யாருன்னு சந்தேகம். ரொம்ப நல்லா இருக்கு.

என்னது? என் அடையாள அட்டைய வச்சு ஏற்கெனவே கணக்கு இருக்கா? ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தானே சார், நீங்கதானே இப்பப் பெருமையாச் சொன்னீங்க? வேற ஊரா? சைக்கிள் ரிப்பேர் கடையா? ரெண்டு வருஷமா ஓடுதா? ஆக, எவனோ திருட்டுப் பய கண்ணச் சிமிட்டிட்டு உள்ள போயிட்டான், நெஜ ஆளு வெயில்ல நிக்கிறேன். பிரமாதம் சார் உங்க மிஷினு! அந்த மூஞ்சியக் காட்டுங்க. ரூல்ஸாவது மண்ணாவது. என் பேர வச்சுப் பொழைக்கிறவன நான் பாக்கக் கூடாதா? கொண்டாங்க இப்படி.

ம்.

இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். சும்மா உக்காந்தேன்.

மிஷின் ஏமாந்ததுல தப்பே இல்ல சார். அதே மூக்கு.

நான் புகார்ல கையெழுத்துப் போட்டா அவன் கணக்க மூடி போலீசுக்கு அனுப்பிருவீங்க. போடலன்னா எனக்குக் கணக்கு கெடையாது. அவ்வளவுதானே? அப்ப என்னோட விண்ணப்பத்தக் கிழிச்சுப் போடுங்க.

காரணமா? அதுக்கும் ஒரு கட்டம் வச்சிருக்கீங்களா? வெளங்கிரும்.

என் தம்பி சார். கூடப் பொறந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கடை யாருக்குன்னு ஒரு சண்டை. நீ இந்த வீட்டு ஆளே இல்லடான்னு சொல்லி, அவன் அட்டை, சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் அடுப்புல போட்டேன். ஆமா, நான்தான். காலைல பாத்தா ஆளும் இல்ல, என் அட்டையும் இல்ல. நான் போய் வேற வாங்கிக்கிட்டேன். அவன் எதக் காட்டி வாங்குவான்? செத்துட்டான்னே நெனச்சிருந்தேன் சார்.

அந்தக் கட்டத்துல, நான்தான் போலின்னு எழுதிக்குங்க. உங்க போன மட்டும் உடனே புடுங்காதீங்க. ரொம்ப எளச்சுட்டான், இன்னொரு தடவ பாத்துக்கறேன்.